கரண்ட் போனா?

மண் வேண்டாம், வெயில் வேண்டாம், தண்ணீர் 95 சதவீதம் மிச்சம், நாசா கண்டுபிடித்தது. இந்த நான்கு வரியையும் சேர்த்து ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டியின் மேல் ஒட்டினால் அதைப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கலாம். உள்ளே ஒரு துளசிச் செடி. வேர் காற்றில் தொங்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பனி மாதிரி சத்து நீர் தெளிக்கும், மேலே ஊதா விளக்கு எரியும், போனில் செயலி பேசும். ‘தன்னிறைவு’ என்று அட்டையில் போட்டிருப்பார்கள்.

இந்தப் பெட்டிகள் மேல் எனக்கு இருக்கும் கோபம் வெளியாள் கோபம் இல்லை. மூன்று வருடத்தில் இதே மாதிரி பதினோரு பெட்டி செய்திருக்கிறேன். பெங்களூரில் மென்பொருள் வேலை, சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம் சிறுவாச்சூர். வீட்டிலிருந்தே வேலை என்று ஆன காலத்தில் ஊருக்கு வந்து, மாடி அறையில் லேப்டாப் ஒரு மூலை, பெட்டிகள் மறு மூலை என்று உட்கார்ந்தவன். பதினொன்றில் ஒன்பது செடி செத்துப்போயின. எப்படிச் செத்தன என்று ஒன்பதுக்கும் குறிப்பு வைத்திருக்கிறேன். அதனால் இந்த விஷயத்தில் சத்தமாகப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடணும். ஏரோபோனிக்ஸ் ஏமாற்று அறிவியல் கிடையாது. வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, மூச்சும் விடணும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். நம்மூர் மே மாதச் சூட்டில் இன்னும் குறையும். ஒரு லிட்டர் காற்றில் இருப்பதோ 270 மில்லிகிராமுக்கு மேல். போதாததற்கு, ஆக்சிஜன் தண்ணீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வேரைக் காற்றில் தொங்கவிட்டு, அதன்மேல் மெல்லிய ஈரப் படலத்தை மட்டும் வைத்தால் செடிக்கு இரண்டு கையிலும் லட்டு. மண்ணில் ஒரு நாளும் பார்க்க முடியாத பஞ்சு போன்ற தூவி வேர்கள் வரும். முதல்முறை பெட்டியைத் திறந்து அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1957-இல் எஃப். டபிள்யூ. வென்ட் என்ற தாவரவியலாளர் காப்பி, தக்காளிச் செடிகளை இப்படி வளர்த்து இதற்கு ஏரோபோனிக்ஸ் என்று பெயர் வைத்தார். நாசா வந்ததெல்லாம் அதற்குப் பல வருடம் கழித்து. அவர்களுக்கு இது தேவைப்பட்டதற்குக் காரணம், விண்கலத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கொள்ளைச் செலவு, அங்கே மண்ணைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சிறுவாச்சூரில் மண் சும்மா கிடக்கிறது.

அப்பாவிடம் முதல் பெட்டியைக் காட்டினேன். சுற்றி வந்து பார்த்தார். மூடியைத் தூக்கி வேரைப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. கரண்ட் போனா?”

பேட்டரி வைக்கலாம் என்றேன். “பேட்டரி போனா?” என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அப்போதே சுதாரித்திருப்பேன்.

ஒரு செடிக்கான பெட்டியை வடிவமைக்கிறவன் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அலங்காரம். எங்கள் வயலுக்கு மும்முனை மின்சாரம் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, ஆனால் முறை வைத்துத் தருகிறது. ராத்திரி மோட்டார் போட்டு விட்ட தண்ணியை மண் மறுநாள் முழுக்க, சில சமயம் நாலு நாள், பிடித்து வைத்துக்கொள்கிறது. எங்கள் தொழிலில் இதற்கு பஃபர் என்று பெயர். ஒரு பக்கம் தாறுமாறாக வருவதை வாங்கி வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் நிதானமாகக் கொடுப்பது. மண் தண்ணீருக்கு மட்டும் பஃபர் இல்லை. களிமண் துகளும் மட்கும் சுண்ணாம்பையும் பொட்டாஷையும் ஒட்ட வைத்து, வேர் கேட்கக் கேட்க விடும். அமிலம் காரம் சட்டென்று மாறாமல் பார்த்துக்கொள்ளும். மேலே 40 டிகிரி கொளுத்தும்போது அரை அடி கீழே குளுமையாக வைத்திருக்கும். ஏரோபோனிக்ஸ் என்பது இந்த நான்கு பஃபரையும் ஒரே நேரத்தில் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த வேலையை ஒரு பம்ப்பிடமும் ஒரு டைமரிடமும் கொடுப்பது. பம்ப் நின்றால் வேரின் மேல் இருக்கும் ஈரப் படலம்தான் மொத்தக் கையிருப்பு. என்னுடைய மூன்றாவது பெட்டியில் இருந்த மிளகாய்ச் செடி ஒரு சித்திரை மாத மதியத்தில், நான் மீட்டிங்கில் இருந்த ஒரு மணி நேரத்துக்குள், துணி மாதிரித் தொங்கிவிட்டது. கரண்ட்டுகூடப் போகவில்லை. டைமர் தொங்கிப்போயிருந்தது, நான் எழுதிய நிரலில் பிழை.

எங்கள் ஊர் மதுர காளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும், திருவிழா நாட்கள் தனி. மற்ற நாளில் நடை சாத்தியிருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் பார்த்தாலே காப்பாற்றுகிற தெய்வம் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்காவிட்டால் செத்துப்போகிற செடியை வடிவமைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னதாகச் செய்தால் சுலபம் என்று நினைப்பதுதான் அடுத்த மடத்தனம். ஆயிரம் செடிக்கு ஒரே தொட்டியில் ஆயிரம் லிட்டர் கரைசல் இருந்தால் ஒரு செடியின் சேட்டை தொட்டியைப் பாதிக்காது. ஒரு செடிக்கு ஒரு லிட்டர் என்றால் கதையே வேறு. நன்றாக வளர்ந்த செடி நாளைக்கு 200 மில்லி குடிக்கும், உப்பை அதே விகிதத்தில் எடுக்காது. மூன்றே நாளில் தண்ணீர் பாதிக்குக் கீழே போய், மிச்சம் இருப்பது ஊறுகாய்த் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அமிலத்தன்மை 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் நிற்கணும், சின்னத் தொட்டியில் அது காலையில் ஒன்று சாயந்திரம் ஒன்று. சூடும் அப்படித்தான். பலர் விலை குறைவு என்று அல்ட்ராசோனிக் தகடு போடுகிறார்கள், சாமி படத்துக்கு முன்னால் புகை விடும் நீரூற்றில் இருப்பதே அது. அது நொடிக்கு 17 லட்சம் தடவை அதிர்ந்து தண்ணீரை மூடுபனி ஆக்கும். 20 வாட் தகடு மணிக்கு 15 நிமிடம் ஓடினால் 18,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கிட்டத்தட்ட 4 டிகிரி சூடாக்க அது போதும். ஏற்கெனவே 33 டிகிரியில் இருக்கும் அறையில், ஏற்கெனவே சூடான தண்ணீரை, மணிக்கு மணி இன்னும் சூடாக்கும் எந்திரத்தை வேருக்குக் கீழே வைப்பதற்குப் பெயர் வேளாண்மை இல்லை, ரசம் வைப்பது. நாலாவதும் ஐந்தாவதும் அப்படித்தான் வேர் அழுகிப் போயின.

சரி, நாசில் போடலாம். ஆர்.ஓ. மெக்கானிக் கடையில் 24 வோல்ட் பூஸ்டர் பம்ப் கிடைக்கும். அதையும் ஒரு சொலினாய்டு வால்வையும் பித்தளை நாசிலையும் வைத்தால் 50 மைக்ரான் அளவுக்குத் துளி வரும், தலைமுடியை விடச் சன்னம். வேருக்கு மிகப் பொருத்தமான துளி. எங்கள் போர் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 1,100 மில்லிகிராம். பத்தொன்பதாம் நாள் நாசில் கல்லாகிவிட்டது. பக்கத்தில்தான் சாத்தனூர் இருக்கிறது. 12 கோடி வருடம் முந்தைய 18 மீட்டர் மரம் ஒன்று அங்கே அப்படியே கல்லாகிப் படுத்திருக்கிறது, தண்ணீரில் கரைந்து வந்த தாது மரத்தின் உள்ளே உட்கார்ந்து உட்கார்ந்து. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அந்த மாவட்டத்துக்காரன் 0.3 மில்லிமீட்டர் ஓட்டையில் போர் தண்ணீரை விட்டிருக்கக் கூடாது.

ஆகவே ஆர்.ஓ. தண்ணீர். இங்கேதான் அந்த 95 சதவீதம் அம்பலமாகிறது. வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழிவுக் குழாயில் தள்ளுகிறது. பெட்டியில் மிச்சப்படுத்தியதைச் சமையலறையிலேயே கொட்டியாயிற்று. அதைவிட முக்கியம், செடி குடிக்கும் தண்ணீரில் மிச்சம் பிடிக்கவே முடியாது. காய்ந்த எடையில் ஒரு கிலோ வளர, செடி வகையைப் பொறுத்துச் சில நூறு லிட்டர் தண்ணீரை இலை வழியே ஆவியாக்கியே ஆகணும். அது வேர் மண்ணில் இருந்தாலும் மங்கள்யானில் இருந்தாலும் மாறாது. மிச்சமாவது வயலில் மேலே ஆவியாகிப் போவதும், வேருக்குக் கீழே இறங்கிப் போவதும்தான். வாய்க்கால் பாசனத்தோடு ஒப்பிட்டு 95 என்று அச்சடிக்கிறவர்கள் சொட்டுநீரோடு ஒப்பிட்டு ஏன் அச்சடிப்பதில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

விளக்குக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. வெளியே உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ், என் பெங்களூர் வீட்டு ஹாலில் பகலில் 250. ஆகவே விளக்கு கட்டாயம். 20 வாட், நாளைக்கு 14 மணி நேரம், 40 நாள். பம்ப்பும் சேர்த்து 13 யூனிட். கிடைத்தது 90 கிராம் பேசில் இலை. அந்த 13 யூனிட்டில் அப்பாவின் 5 ஹெச்.பி. மோட்டாரை ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓட்டி, ஒரு வெங்காயக் காட்டையே நனைக்கலாம். இதைப் பெரிதாகச் செய்து பார்த்தவர்களும் இதே சுவரில்தான் முட்டினார்கள். அமெரிக்காவின் ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனில் திவால் மனு கொடுத்தது. பவரி 2024 நவம்பரில் மூடியது. பிளென்டி 2025 மார்ச்சில் திவால் மனு. கோடி கோடியாக முதலீடு இருந்தவர்களால் கீரையில் லாபம் பார்க்க முடியவில்லை.

இதையெல்லாம் நான் முதலிலேயே தெரிந்துகொண்டிருந்தால் என் பெரியப்பா மகனுக்கு நாலு லட்சம் மிஞ்சியிருக்கும்.

அண்ணனுக்கு வெங்காயத்தில் அலுத்துப்போயிருந்தது. தமிழ்நாட்டிலேயே சின்ன வெங்காயம் அதிகம் விளைவது எங்கள் மாவட்டத்தில்தான். பெருமைக்குரிய விஷயம், காட்டில் நிற்காத வரைக்கும். விதைக் காய்க்கே பெரும் பணம் போகும். ஐப்பசி கார்த்திகையில் மழை நின்று பெய்தால் திருகல் நோயும் அழுகலும் சேர்ந்து வரும். தப்பித்து வந்த காயைப் பட்டறை போட்டு வைத்து விலைக்குக் காத்திருந்தால், விலை வரும்போது பாதி பட்டறையிலேயே அழுகியிருக்கும். இரண்டு வருடம் அடுத்தடுத்து அடி. ஒரு நாள் என் மாடி அறைக்கு வந்து இந்தப் பெட்டிகளைப் பார்த்தார். மண் இல்லாம, நோய் இல்லாம வருமா தம்பி என்றார். வரும் என்றேன். அன்றைக்கு என் ஏழாவது பெட்டி நன்றாக இருந்தது. பத்து வீடியோ இணைப்பு அனுப்பினேன். அவர் ஒரு கம்பெனியைப் பிடித்தார், நகையை வைத்தார், பசுமைக்குடில் போட்டார். விளைவதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று கம்பெனிக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். முதல் லெட்டூஸ் வந்தபோது எடுத்தார்கள். இரண்டாவது முறை தரம் சரியில்லை என்றார்கள். மூன்றாவது முறை போனை எடுக்கவில்லை. பெரம்பலூர் சந்தையில் லெட்டூஸைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நிற்கிறவன் நிலைமையை நினைத்துப் பாருங்கள். முட்டைக்கோஸ் பிஞ்சா என்று கேட்டார்களாம். அந்த வெள்ளைக் குழாய்கள் இப்போது அவர் மாட்டுக் கொட்டகைக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன.

அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்பெனியைத் திட்டினார், அவ்வளவுதான். அந்தக் கம்பெனி செய்தது மோசடி. நான் செய்தது என்ன? என் பெட்டி செத்தால் எனக்கு ஒரு துளசி நஷ்டம், அடுத்த சனிக்கிழமை வேறு செடி. என் ஆர்வத்தை அவருடைய ஆதாரமாகக் கொடுத்தேன். பொறியாளர்கள் விவசாயத்தைப் ‘பிரச்சினை’ என்றும் தங்களைத் ‘தீர்வு’ என்றும் பேசும்போது நடப்பது இதுதான். முன்மாதிரி செய்து பார்க்கும் சுகம் நமக்கு, அது உடையும் செலவு எப்போதும் வேறொருவருக்கு.

இந்த இடத்தில் கைதட்டத் தயாராக இருக்கும் மண்வாசனை நண்பர்களிடமும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. மண்ணில் வளராததில் உயிர்ச்சத்து இல்லை, அது ரசாயனம் என்று நீங்கள் போடும் பதிவுகள் என் கண்ணில் படாமல் இல்லை. வேர் உறிஞ்சும் நைட்ரேட்டுக்குத் தான் சாணத்திலிருந்து வந்தோமா சாக்கிலிருந்து வந்தோமா என்று தெரியாது. வெங்காயக் காட்டில் களை எடுக்கும் பெண்கள் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு நகர்ந்துகொண்டே இருப்பார்கள், சாயந்திரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார்கள். அவர்களிடம் போய் மண்ணின் ஆன்மா பற்றிப் பேசிப் பாருங்கள். மண்ணைக் கும்பிடுவதில் எனக்குப் பிரச்சினை இல்லை, குனியாதவர்கள் கும்பிடுவதில்தான். மண்ணுக்காக வாதாட ஆன்மா தேவையில்லை. அது ஓர் அருமையான பஃபர் என்பதே போதும்.

ஏரோபோனிக்ஸ் உண்மையிலேயே எங்கே நிற்கிறது? உருளைக்கிழங்கு விதையில். சிம்லாவில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் நோயில்லாத திசு வளர்ப்பு நாற்றுகளைப் பெட்டிகளில் வைத்து, வேரை இருட்டில் தொங்கவிட்டு, சின்னஞ்சிறு விதைக்கிழங்குகளைக் காய்க்க வைக்கிறது. மண்ணில் என்றால் ஒரு தடவை பிடுங்கினால் முடிந்தது. இங்கே பெட்டியின் கதவைத் திறந்து, பெருத்த கிழங்கை மட்டும் கிள்ளிக்கொண்டு மூடிவிடலாம், செடி மறுபடி வைக்கும். மண்வழி நோய் இல்லை. 2022 மே மாதம் இந்தத் தொழில்நுட்பத்துக்காக மத்தியப் பிரதேச அரசு ஒப்பந்தம் போட்டது, குவாலியரில் கூடம் அமைக்க. அங்கே விற்கப்படுவது சாப்பாடு இல்லை, விதை. கிலோ கணக்கில் பார்த்தால் சொற்பம், மதிப்பில் பெரிது, அதனால் பம்ப்பும் ஜெனரேட்டரும் கட்டுப்படியாகிறது. அந்த விதை கடைசியில் போவது மண்ணுக்குத்தான். இந்த ஒரு கணக்கு என் அண்ணனிடம் யாராவது சொல்லியிருந்தால், யாராவது என்றால் நான், லெட்டூஸ் பக்கமே போயிருக்க மாட்டார்.

ஒரு செடிப் பெட்டிக்கு வருகிறேன். ஒன்பது சாவுக்குப் பிறகு நான் கேட்ட கேள்வி: கரண்ட் போய் மூன்று நாள் ஆனாலும் சாகாத பெட்டி எப்படி இருக்கும்? 20 லிட்டர் பெயின்ட் வாளி எடுத்தேன். வெளிச்சம் புகாமல் கறுப்பு அடித்து மேலே வெள்ளை அடித்தேன், வெளிச்சம் பட்டால் பாசி. அடியில் எட்டு லிட்டர் கரைசல். மேல் பாதி வேர் ஈரக் காற்றில், கீழ் நுனி தண்ணீரில். மூடி இடுக்கில் கொசுவலைத் துணி, டெங்கு வளர்க்கும் எண்ணம் இல்லாததால். நாசில் மேலே தெளிக்கும், நின்றால் கீழே தண்ணீர் இருக்கிறது. பத்தாவது பெட்டி பிழைத்தது. பதினொன்றாவதில், வேர் இறங்கியதும் ஒரு விபரீத ஆசையில் பம்ப்பையே கழற்றிவிட்டேன்.

இரண்டு செடிக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. 40 நாள் கழித்து எடை போட்டால் பம்ப் உள்ளது 96 கிராம், இல்லாதது 90. ஹவாய் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் கிராட்கி என்பவர் பல வருடம் முன்பே இதைச் சொல்லியிருக்கிறார்: தண்ணீர் மட்டம் இறங்க இறங்க, மேலே விடுபடும் வேர் காற்றுக்குப் பழகிக்கொள்ளும், பம்ப் தேவையில்லை. படித்திருந்தேன். ஆனால் அதில் எழுத நிரல் இல்லை, வாங்க சென்சார் இல்லை, காட்ட வரைபடம் இல்லை. அதனால் தாண்டிப் போயிருந்தேன். வீட்டுக்குள் ஒரு கீரைச் செடிக்குப் பனித்தெளிப்பு என்பது செடிக்காக இல்லை, பார்க்கிறவருக்காக. பன்னிரண்டாயிரம் ரூபாய் பெட்டியில் பதினோராயிரம் அந்தக் காட்சிக்கான டிக்கெட்.

செய்ய ஆசைப்படுகிறவர்களைத் தடுக்கவில்லை. செய்யுங்கள், வேரைக் கண்ணால் பார்ப்பது பெரிய படிப்பு. ஆனால் நாசிலை ஆணி வைத்துக் குத்தி எடுக்கும்படி வையுங்கள். பம்ப் செத்தால் தெருமுனை ஆர்.ஓ. கடையில் மாற்றும்படி வையுங்கள். அந்தக் கம்பெனியின் உறை வந்தால்தான் செடி வளரும் என்கிற பெட்டியை வாங்காதீர்கள். தன்னிறைவு என்ற சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மின்வாரியம், ஆர்.ஓ. சவ்வு, நம் நாடு மொத்தமாக இறக்குமதி செய்யும் பொட்டாஷ், இவ்வளவு பேர் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும் பெட்டி அது.

பத்தாவது வாளி இன்னும் சிறுவாச்சூரில் ஓடுகிறது. பேசிலை அம்மா பிடுங்கிப் போட்டுவிட்டார், ரசத்துக்கு ஒத்து வரவில்லையாம். இப்போது அதில் மல்லிகைக் குச்சிகள். பதியன் போட்டுக் காத்திருப்பதற்குப் பதிலாக, மூடியைத் தூக்கி எந்தக் குச்சி வேர் விட்டது என்று பார்த்து, விட்டதை மட்டும் எடுத்து மண்ணில் வைக்கிறார். போன மாதம் அண்ணன் வந்து வெகுநேரம் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இத நூறு குச்சிக்குப் பண்ண முடியுமா தம்பி?” என்றார். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. தெரியாதுண்ணே, முதல்ல பத்துக் குச்சிக்குப் பண்ணுவோம், செலவு என்னோடது என்றேன். அவர் மூடியைத் திறந்து, வேரைத் தொடாமல், அடியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்த்தார்.